பிஏ (ஃபிசிஷியன் அசிஸ்டன்ட்) பள்ளி: இந்தச் சுற்றிலேயே விண்ணப்பம் போடுவதா, பொறுப்பதா?

கேள்வி

அமெரிக்காவில் பயாலஜி பட்டம் முடித்து நாலு வருஷம் ஆகிறது. மொத்த ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.2, அறிவியல் பாடங்களில் மட்டும் 3.0. ஒரு தோல் மருத்துவரிடம் முழுநேர மெடிக்கல் அசிஸ்டன்டாக இருக்கிறேன், நோயாளி அனுபவம் 1,400 மணி நேரம் ஆகிவிட்டது. முன்தேவைப் பாடங்களில் மைக்ரோபயாலஜி மட்டும் பாக்கி. ஏப்ரலில் காஸ்பா (பல பள்ளிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளம்) திறந்ததும் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் (பிஏ, டாக்டரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதுகிறவர்) படிப்புக்குப் போட்டுவிடலாம் என்கிறேன் நான். இன்னும் ஒரு வருஷம் பொறு என்கிறார்கள் வீட்டில். 1,400 போதுமா, 2,000 தொட்டபிறகுதான் போட வேண்டுமா? ஒரே வார்த்தையில் சொன்னாலும் சரி.

2025 செப்டம்பர் 14

எந்தப் பள்ளிக்கு?

ஒரே வார்த்தை கேட்டீர்கள், இரண்டாகிவிட்டது. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே எதுவும் சொல்ல முடியாது. அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் 300-க்கும் மேல் இருக்கின்றன. 500 மணி நேரம் போதும் என்பவை உண்டு. 1,000 கேட்பவை உண்டு. 2,000-க்குக் கீழே இருந்தால் திறந்துகூடப் பார்க்காதவை உண்டு. நோயாளி அனுபவம் கட்டாயமில்லை என்பவையும் உண்டு. எட்டோ பத்தோ பள்ளிகளின் பெயரை எழுதி, அது கேட்பது ஒரு பக்கம், உங்களிடம் இருப்பது இன்னொரு பக்கம் என்று போட்டுப் பாருங்கள். அதே ஆள், அதே நாளில், ஒரு பள்ளிக்குத் தயாராக இருப்பார், இன்னொன்றுக்குக் கட்டணம் கட்டுவது தண்டமாக இருக்கும்.

செப்டம்பர் 14, இரவு

அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழுநேர வேலை என்கிறீர்கள். வாரம் 40 மணி. இன்றிலிருந்து ஏப்ரல் கடைசிவரை முப்பது வாரத்துக்கு மேல் இருக்கிறது. லீவு, காய்ச்சல், கல்யாணம் எல்லாம் கழித்தாலும் காஸ்பா திறக்கும்போது 2,500 பக்கம் வந்துவிடுவீர்கள். 1,400-ஆ 2,000-ஆ என்று வீட்டில் நடக்கும் சண்டை பொங்கலுக்குள் தானாகவே ஓய்ந்துவிடும்.

ஒன்று மட்டும் கவனம். விண்ணப்பத்தை அனுப்பும் தேதிவரை முடிந்த மணி நேரத்தைத்தான் போட முடியும். 'ஆகஸ்டுக்குள் இவ்வளவு ஆகிவிடும்' என்று எதிர்காலத்தைச் சேர்க்கக் கூடாது. சில பள்ளிகள் அதைத் தனியாகக் கேட்கும், அங்கே சொல்லிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 21

மணி நேரம் போதும் என்று சொன்னதால் நீங்கள் தயார் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மணி நேரத்துக்குள் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

பிஏ படிப்புக்கு முன் நான் சிஎன்ஏ, அதாவது நர்ஸ் உதவியாளர். இரவு ஷிஃப்ட். விடியற்காலை நாலு மணிக்கு வைட்டல்ஸ் ரவுண்டு. பிரஷர், பல்ஸ், ஆக்ஸிஜன் மூன்றையும் மெஷின் சொல்லிவிடும். மூச்சை மட்டும் ஆள்தான் எண்ண வேண்டும். எண்ணுகிறவர்கள் குறைவு. சார்ட்டைப் பார்த்தால் 16, 18, 18, 16 என்று போகும். வார்டு முழுக்க ஒரே தாளத்தில் மூச்சு விடுகிறார்கள் போல.

ஒரு பெரியவர். முட்டி மாற்று அறுவை முடிந்து இரண்டாம் நாள். காய்ச்சல் இல்லை, பிரஷர் பரவாயில்லை, ஆக்ஸிஜன் 94. கேட்டால் "நன்றாக இருக்கிறேன், தூங்க விடு" என்கிறார். ஆனால் அந்த நாலு வார்த்தைக்கு நடுவிலேயே ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். போர்வைமேல் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, முழு நிமிடம் எண்ணினேன். 28. சாதாரணமாக 12-க்கும் 20-க்கும் நடுவில் இருக்க வேண்டியது. நர்ஸிடம் போய்ச் சொன்னேன். மெஷினில் எல்லாம் ஒழுங்காகத்தானே இருக்கிறது என்றார். வாருங்கள், சேர்ந்து எண்ணுவோம் என்றேன். வந்தார், எண்ணினார், போனை எடுத்தார். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது.

நான் கண்டுபிடித்தேன் என்று மார்தட்டிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. நான் எண்ணினேன், அவ்வளவுதான். ஆனால் பின்னால் நேர்காணலில் மொத்த மணி நேரத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, அது தாளிலேயே இருக்கிறது. இந்த ஒரு இரவைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். நர்ஸ் வரமாட்டேன் என்றிருந்தால்? 28 என்பது வலியாலும் இருக்கலாமே, ஏன் விடவில்லை? அன்று உங்களுக்குத் தெரியாமல் இருந்தது என்ன?

ஆகவே ஒரு பரீட்சை. வெள்ளைத் தாளில் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதுங்கள். பெயர் வேண்டாம். என்ன தொந்தரவு, உங்கள் கை என்ன செய்தது, உங்களுக்கு என்ன புரியவில்லை. மூன்றும் சரளமாக வந்தால் நல்லது. 'டாக்டருக்கு உதவி செய்தேன், நோயாளியிடம் அன்பாகப் பேசினேன்' என்பதோடு பேனா நின்றால் 5,000 மணி நேரம் இருந்தாலும் கஷ்டம்தான்.

செப்டம்பர் 23

தோல் மருத்துவமனை வேலையைக் குறைத்துச் சொல்கிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பயாப்ஸிக்குத் தட்டு அடுக்குவது, தையல் பிரிப்பது, கட்டு மாற்றுவது, 'இது கேன்சரா' என்று கேட்கும் முகத்துக்கு எதிரே நிற்பது, எல்லாம் கணக்கில் வரும். ஆனால் அங்கே வருகிறவர்கள் நடந்து வந்து நடந்து போகிறவர்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டி, துடைத்து, அவர் கோபத்தையும் வாங்கிக்கொண்டு, அடுத்த நாளும் அதே அறைக்குப் போக மனம் வருமா என்பது உங்களுக்கே இன்னும் தெரியாது. மாதத்தில் நாலைந்து வாரக்கடைசி ஷிஃப்ட் ஏதாவது ஆஸ்பத்திரியில் கிடைத்தால் பாருங்கள். பள்ளிக்குக் காட்ட இல்லை. உங்களுக்கே தெரிய வேண்டும்.

ஸ்க்ரைப் வேலை (டாக்டர் நோயாளியைப் பார்க்கும்போது குறிப்பு எழுதுவது) சேருமா என்று இன்னொருவர். காஸ்பாவில் நோயாளி பராமரிப்பு அனுபவம் ஒரு பெட்டி, பொதுவான மருத்துவத்துறை அனுபவம் வேறு பெட்டி. ஸ்க்ரைபை முதல் பெட்டியில் ஏற்கும் பள்ளி உண்டு, இரண்டாவதில் தள்ளும் பள்ளி உண்டு. நீங்கள் எதில் போட்டாலும் அவர்கள் தங்கள் விதிப்படி மாற்றிக்கொள்வார்கள். பட்டியலில் இருக்கும் பள்ளிக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டால் முடிந்தது.

அக்டோபர் 4

ஜிபிஏ. எல்லோரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நீளம்.

முதலில் கெட்ட செய்தி. ஒரு பாடத்தைத் திரும்ப எழுதி ஏ வாங்கினால் பழைய சி மறைந்துவிடும் என்பது உங்கள் கல்லூரியின் விதியாக இருக்கலாம். காஸ்பாவில் அந்தப் பேச்சே கிடையாது. எழுதிய ஒவ்வொரு தடவையும் சராசரியில் சேரும். கல்லூரி மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டில் 3.4 என்று பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் காஸ்பா கணக்கில் 3.1 என்று வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

நல்ல செய்தி, அறிவியல் ஜிபிஏ சிறிய பாத்திரம், சீக்கிரம் நிரம்பும். உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். அறிவியல் 50 கிரெடிட் (பாடத்தின் அளவைக் காட்டும் எண்) என்று வையுங்கள், 3.0 என்றால் 150 புள்ளி. மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, ஜெனெடிக்ஸ், இன்னொன்று என்று நாலு பாடம், 16 கிரெடிட், எல்லாம் ஏ, கிரெடிட்டுக்கு 4 புள்ளி. 64 புள்ளி கூடும். 214-ஐ 66-ஆல் வகுத்தால் 3.24. மொத்த ஜிபிஏ 120 கிரெடிட்டில் 3.2 என்றால் அதே நாலு பாடத்தால் 3.29-தான் ஆகும். அதே உழைப்பு, ஒரு பக்கம் நன்றாகத் தெரிகிறது, இன்னொரு பக்கம் அசையக்கூட மாட்டேன் என்கிறது.

பல பள்ளிகளில் குறைந்தபட்சம் 3.0. நீங்கள் அந்தக் கோட்டின்மேலேயே நிற்கிறீர்கள். கோட்டைத் தாண்டினால் உள்ளே விடுவார்கள் என்று அர்த்தமில்லை, படிப்பார்கள் என்று அர்த்தம். நாலு வருஷத்துக்கு முந்தைய 3.0-க்குப் பக்கத்தில் சென்ற வருஷத்து நாலு ஏ இருந்தால் படிக்கிறவரின் மனம் மாறும். கடைசி 60 கிரெடிட்டைத் தனியாகப் பார்க்கும் பள்ளிகளும் இருக்கின்றன, அங்கே உங்களுக்கு இன்னும் லாபம்.

பழைய அனாடமிக்கும் பிசியாலஜிக்கும் வயதாகிவிட்டதா என்றும் பாருங்கள். முன்தேவைப் பாடங்கள் ஐந்து வருஷத்துக்குள், ஏழுக்குள், பத்துக்குள் என்று பள்ளிக்கொரு கெடு இருக்கும்.

அக்டோபர் 5

எல்லோரும் கால்குலேட்டரோடு வந்துவிட்டீர்கள். 3.237, 3.241 என்றெல்லாம் எழுதிக் கேட்டால் நான் என்ன சொல்வது? போய்ப் படியுங்கள்.

அக்டோபர் 19

'வேலைக்குப் போய்க்கொண்டே படித்துவிடலாமா' என்ற கேள்விக்கு: முடியாது. பெரும்பாலான பள்ளிகள் வேலை வேண்டாம் என்று எழுத்திலேயே கொடுத்துவிடும். படிப்பு சராசரியாக 27 மாதம். முதல் வருஷம் வகுப்பறை. பிறகு குடும்ப மருத்துவம், இன்டர்னல் மெடிசின், எமர்ஜென்சி, சர்ஜரி, குழந்தைகள், பெண்கள் நலம், மனநலம் என்று ரொட்டேஷன். சில வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி மாறும், ஊர்கூட மாறும். வகுப்பு முழுவதும் ஒன்றாகவே நகரும். ஒரு பாடத்தை அடுத்த செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு அங்கே இல்லை.

இதைச் சொல்லும்போதே அதைவிடப் பெரிய கேள்வி ஞாபகம் வருகிறது. ஏன் பிஏ?

'டாக்டராக நாளாகும், கடனாகும், அதனால் இது.' இப்படிச் சொல்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நானும் அந்தக் கணக்கைப் போட்டவன்தான். ஆனால் அது டாக்டர் படிப்பு (எம்டி) ஏன் வேண்டாம் என்பதற்கு மட்டும் பதில். நர்ஸ் பிராக்டிஷனர் (மேற்படிப்பு முடித்து நோயாளிகளுக்கு மருந்து எழுதும் நர்ஸ்) ஏன் ஆகவில்லை? 'அதற்கு முதலில் ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) ஆக வேண்டும்' என்பதும் பாதிப் பதில்தான்.

இந்தத் தொழில் தொடங்கிய விதத்தைப் பார்த்தால் கொஞ்சம் தெளியும். 1965-ல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் முதல் வகுப்பில் சேர்த்தது நாலு பேரை. நாலு பேரும் கடற்படையில் மருத்துவப் பணி பார்த்துவிட்டு வந்தவர்கள். 1967-ல் அவர்களில் மூவர் முடித்து வெளியே வந்தார்கள். ஏற்கெனவே கை பழகியவர்களுக்கு டாக்டர்கள் படிக்கும் மாதிரியே மருத்துவம் சொல்லிக்கொடுத்து, டாக்டரோடு சேர்ந்து வேலை பார்க்க வைப்பதுதான் திட்டம். பள்ளிகள் இன்றும் மணி நேரத்தைக் கேட்டுக் குடைவதற்குக் காரணம் அங்கே இருக்கிறது. பிஏவுக்குக் கிடைத்திருக்கும் பெரிய சுதந்திரமும் அங்கிருந்து வருவதுதான். எலும்பிலிருந்து எமர்ஜென்சிக்கு, அங்கிருந்து தோலுக்கு என்று, டாக்டர்களைப் போல மறுபடி ரெசிடென்சி (சிறப்புத் துறைப் பயிற்சி) பண்ணாமலே மாறலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. நாற்பத்தைந்து வயதில், உங்களைவிடப் பத்து வயது சிறிய டாக்டர் வந்து, நீங்கள் காலையில் எழுதிய மருந்தை மத்தியானம் மாற்றுவார். சில நாள் அவர் செய்தது சரியாக இருக்கும். சில நாள் இருக்காது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, கையெழுத்து விதி வேறு. ஆனால் இந்த உணர்வு எல்லா மாநிலத்திலும் ஒன்றுதான். எனக்கு முதல் சில வருஷம் இது ஒரு விஷயமாகவே படவில்லை. இப்போது எப்போதாவது உறுத்துகிறது. இருந்தும் மாறியிருக்க மாட்டேன்.

வேலையைக் கவனிக்க ஒரு பிஏவின் பின்னால் போய் நிற்கும்போது 'உங்கள் வேலையில் எது பிடிக்கும்' என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் 'கடைசியாக எப்போது டாக்டரோடு ஒத்துப்போகவில்லை, என்ன செய்தீர்கள்' என்று கேளுங்கள். பதில் கேட்டபிறகும் ஆசை இருந்தால் அதுதான் உங்கள் விண்ணப்பக் கட்டுரைக்கு விதை.

நவம்பர் 2

மேலே இருப்பதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். எல்லாம் சேர்ந்து 'பொறு, பொறு' என்று ஒலிக்கிறது. அது என் கருத்து இல்லை.

என்னோடு சிஎன்ஏவாக இருந்த ஒரு தோழி. என்னைவிடக் கெட்டிக்காரி. முதலில் மணி நேரம் போதவில்லை என்றாள். அது ஆனதும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் பி இருக்கிறதே என்றாள். அதைச் சரிக்கட்டியதும் ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வு. அது கேட்காத பள்ளிகளே ஏராளம் என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அலை ஓய்ந்து கடலாடலாம் என்றால் நடக்கிற காரியமா?

இப்போது குறைகளை இரண்டாகப் பிரித்தே பார்க்கிறேன். தாளில் இருக்கும் குறைக்குத் தேதி போட முடியும். மைக்ரோ மே மாதம் முடியும், மணி நேரம் ஏப்ரலில் 2,500 ஆகும், சிபாரிசுக் கடிதம் மார்ச்சுக்குள் கேட்டாகும். தேதி போட முடிகிற குறைக்காக ஒரு முழு வருஷம் தள்ளிப்போடத் தேவையில்லை. தேதியே போட முடியாத குறை, அதாவது ஏன் இந்த வேலை என்று சொல்லத் தெரியாதது, அது இருந்தால் ஜிபிஏ 3.9 ஆனாலும் நில்லுங்கள்.

நவம்பர் 3

'அப்படியானால் ஏப்ரலில் காஸ்பா திறக்கும் முதல் நாளே போட்டுவிடட்டுமா?'

பந்தயமா என்ன? பல பள்ளிகள் வந்த வரிசையில் படித்து, நேர்காணலுக்குக் கூப்பிட்டு, இடத்தை நிரப்பிக்கொண்டே போகும். ஆகவே சீக்கிரம் நல்லதுதான். ஆனால் அரைகுறையாக ஏப்ரலில் போவதைவிட முழுசாக ஜூனில் போவதையே நான் சொல்வேன். டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர்ந்து, காஸ்பா அதைச் சரிபார்த்து முடிக்கச் சில வாரம் பிடிக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கள். உங்களுக்கு மே மாதம் மைக்ரோ மதிப்பெண் வந்துவிடும். அதோடு போனால் 'ஒரு பாடம் பாக்கி' என்ற வரியே இருக்காது. ஒன்றிரண்டு பாடம் பாக்கி இருந்தாலும் ஏற்கும் பள்ளிகள் உண்டு, ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பவையும் உண்டு.

அக்டோபரில் அவசர அவசரமாக அனுப்புவதாக இருந்தால் மட்டும் அடுத்த ஏப்ரலுக்குப் பொறுங்கள். கெடு தேதி ஜனவரி என்று போட்டிருப்பார்கள், இடம் அதற்குமுன்பே பெரும்பாலும் போயிருக்கும்.

நவம்பர் 30

பணம். யாரும் கேட்கவில்லை, அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

2025 ஜூலையில் வந்த சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற அரசுக் கல்விக்கடன் கிடையாது. இதுவரை கட்டணமும் செலவும் எவ்வளவோ அவ்வளவும் அதில் வாங்க முடிந்தது. இனி சாதாரண முதுநிலை மாணவருக்கு வருஷத்துக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர். தொழில்முறைப் படிப்பு என்று வகைப்படுத்தப்பட்டால் வருஷத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000. பிஏ எந்த வகை? கல்வித்துறையின் குழு 2025 நவம்பரில் ஒப்புக்கொண்ட வரைவில் பிஏவின் பெயர் இல்லை. சங்கங்கள் அதை எதிர்த்தன, இறுதி விதி என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2026-ல் விண்ணப்பிக்கிறவர் பெரும்பாலும் 2027-ல்தான் சேருவார், ஆகவே இது உங்கள் தலையில் நேராக விழும். பல பள்ளிகளில் கட்டணம் மட்டுமே லட்சம் டாலரைத் தொடுகிறது. மேலே சாப்பாடு, வாடகை, சம்பளமே இல்லாத 27 மாதம்.

மறுபக்கம், தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி 2024 மே மாதம் பிஏக்களின் இடைநிலைச் சம்பளம் வருஷத்துக்கு 1,33,260 டாலர். அடைத்துவிடலாம். ஆனால் தனியார் கடன் எவ்வளவு வேண்டியிருக்கும், யார் உடன் கையெழுத்துப் போடுவார் என்ற பேச்சை வீட்டில் நேர்காணலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். சேர இடம் கிடைத்தபிறகு டெபாசிட் கட்டக் கொடுக்கும் அவகாசம் கொஞ்சம்தான்.

அந்தப் பணம் மிச்சமாக, மாநிலப் பல்கலைக்கழகங்களில் நீங்கள் வசிக்கும் மாநிலத்தவருக்கான கட்டணத்தைப் பாருங்கள். பெயர் பெரிதில்லை. எங்கே படித்தாலும் முடித்தபின் எழுதுவது ஒரே தகுதித் தேர்வு.

டிசம்பர் 1

அந்தத் தேர்வு பேன்ஸ். 300 கேள்வி, 60 கேள்வியாக ஐந்து பகுதி, பகுதிக்கு ஒரு மணி நேரம். 'பயமாக இருக்கிறது' என்று ஒருவர். இப்போதே எதற்கு? முதலில் உள்ளே போங்கள்.

டிசம்பர் 7

ஊரில் படித்தவர்களின் கேள்விகள் சேர்ந்துவிட்டன. மொத்தமாகச் சொல்கிறேன்.

சென்னையில் பி.எஸ்ஸி. ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் முடித்தவர்: இந்தியாவில் இந்தப் படிப்பு 1992-ல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் தொடங்கியது, நல்ல பயிற்சி. ஆனால் அதை வைத்து இங்கே பேன்ஸ் எழுத முடியாது. பிஏ பள்ளிகளை அங்கீகரிக்கும் ஆர்க்-பிஏ என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் முடித்திருக்க வேண்டும். எம்பிபிஎஸ் படித்தவருக்கும் இதே விதி, குறுக்கு வழி இல்லை. டாக்டராக இருந்தவர் பிஏ பள்ளிக்குப் போனால் நேர்காணலில் முதல் கேள்வியே 'ஏன் ரெசிடென்சிக்குப் போகவில்லை' என்றுதான் இருக்கும். 'கிடைக்கவில்லை' என்பதோடு நிறுத்தினால் கதை முடிந்தது.

பிசியோ, நர்ஸிங் முடித்து இங்கே வந்தவர்கள்: பட்டத்துக்குப் பாடவாரியான மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அதோடு விடமாட்டார்கள். முன்தேவைப் பாடங்கள் அமெரிக்கக் கல்லூரியில் எழுதியதாக இருக்க வேண்டும் என்று பல பள்ளிகள் கேட்கும். கம்யூனிட்டி காலேஜில் அனாடமியிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டியிருக்கலாம். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு லாபம் உண்டு, இங்கே வாங்கும் ஏ எல்லாம் புதுசு.

எச்-4-ல் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கான விசா) இருப்பவர்கள்: படிக்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்ய இஏடி என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். 'சம்பளம் வாங்காமல் மெடிக்கல் அசிஸ்டன்ட் வேலை பார்த்து மணி நேரம் சேர்க்கிறேன்' என்று தெரிந்தவர் கிளினிக்கில் போய் உட்காராதீர்கள். மற்றவர் சம்பளம் வாங்கிச் செய்யும் வேலையைச் சும்மா செய்தாலும் விசாவில் சிக்கல் வரலாம். முதலில் வக்கீலிடம் கேளுங்கள். அரசுக் கல்விக்கடன் பெரும்பாலும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும்தான், ஆகவே மேலே நான் போட்ட கணக்கு உங்களுக்கு இன்னும் கடுமை. சில பள்ளிகள் விசாவில் இருப்பவர்களை எடுப்பதே இல்லை. பட்டியல் போடும் அன்றே அதைப் பார்த்து அடித்துவிடுங்கள்.

டிசம்பர் 21

பள்ளி உங்களைப் பார்ப்பது போல நீங்களும் பள்ளியைப் பாருங்கள். பேன்ஸில் முதல் முயற்சியில் எத்தனை பேர் தேறினார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நடுவில் போனார்கள் என்பதை ஒவ்வொரு பள்ளியும் தன் இணையப் பக்கத்தில் போட்டே ஆகவேண்டும், ஆர்க்-பிஏ கட்டாயம் அது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். தேர்ச்சி விழுக்காடு பிரமாதம், ஆனால் வகுப்பில் நிறையப் பேரைக் காணோம் என்றால் அந்தப் பிரமாதம் எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டும்.

அங்கீகார நிலையையும் பார்க்க வேண்டும். தற்காலிக அங்கீகாரம் என்பது புதிய பள்ளி, முடித்தவர்கள் பேன்ஸ் எழுதலாம். கண்காணிப்பில் இருக்கும் பள்ளி என்றால் ஏன் என்று கேளுங்கள். அங்கீகாரத்துக்கு இனிமேல்தான் காத்திருக்கும் பள்ளிக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.

டிசம்பர் 28

வரைவுக் கட்டுரை ஒன்றை அனுப்பியிருந்தீர்கள். 5,000 எழுத்து இடம், வெற்றிடமும் சேர்த்து. அதில் பாதி உங்கள் பாட்டியின் நோய்க்குப் போய்விட்டது. பாட்டி பாவம். ஆனால் படிக்கிறவருக்கு உங்களைத் தெரியவேண்டும். நீங்கள் மெயிலில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, தையல் பிரிக்க வந்தவரின் காயத்தைப் பார்த்து, இது சரியில்லை என்று அன்றைக்குப் பிரிக்காமல் டாக்டரைக் கூப்பிட்டது. அது ஏன் கட்டுரையில் இல்லை? அதில் என்ன நிறம் பார்த்தீர்கள், தொட்டால் சூடாக இருந்ததா, டாக்டர் என்ன சொன்னார்? அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

அனுப்பியபின் கட்டுரையைத் திருத்த முடியாது. பள்ளியின் பெயரை அதில் எழுதாதீர்கள், எல்லாப் பள்ளிக்கும் அதே கட்டுரைதான் போகும்.

2026 ஜனவரி 11

சிபாரிசுக் கடிதம். பெரிய சர்ஜன், உங்கள் பெயரையே சார்ட்டில் பார்த்துச் சொல்வார் என்றால் வேண்டாம். கூடவே நின்று பார்த்த பிஏ ஒருவர் எழுதினால் அதற்கு எடை அதிகம். பல பள்ளிகள் ஒரு கடிதமாவது பிஏவிடமிருந்து வேண்டும் என்றே கேட்கும். உங்களை மேய்த்த சார்ஜ் நர்ஸும் நல்ல ஆள். கேட்கும்போது 'எழுதித் தருவீர்களா' என்று கேட்காமல், 'என்னைப் பற்றி நல்ல விதமாக எழுத உங்களிடம் விஷயம் இருக்கிறதா' என்று கேளுங்கள். கொஞ்சம் இழுத்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளிடம் போங்கள்.

இப்போதே கேட்டுவிடுங்கள். ஏப்ரலில் எல்லோரும் அவர்களைத்தான் துரத்துவார்கள்.

ஜனவரி 18

இது நம் ஆட்களுக்கே உரிய தலைவலி என்பதால் தனியாக. டிரான்ஸ்கிரிப்டில் அப்பா பெயர் இனிஷியலாக, பாஸ்போர்ட்டில் அது விரிந்து கடைசிப் பெயராக, கல்யாணத்துக்குப்பின் லைசென்ஸில் கணவர் பெயராக என்று மூன்று பெயரில் இருப்பவர்கள் உண்டு. காஸ்பாவில் முந்தைய பெயர்களுக்கு என்றே இடம் இருக்கிறது, எல்லாவற்றையும் போடுங்கள். இல்லாவிட்டால் கல்லூரி அனுப்பிய டிரான்ஸ்கிரிப்ட் யாருடையது என்று தெரியாமல் வாரக்கணக்கில் அநாதையாகக் கிடக்கும். கடிதம் எழுதுகிறவர்களுக்கும் எந்தப் பெயரில் எழுதவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சோஷியல் செக்யூரிட்டி அட்டையிலும் லைசென்ஸிலும் பெயரை ஒன்றாக்கும் வேலை இருந்தால் சேருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். படிப்பு தொடங்கியபின் ஒரு அரசு அலுவலகத்தில் அரைநாள் வரிசையில் நிற்க உங்களுக்கு நேரம் கிடைக்காது.